அப்லாவியின் சட்டியும் மூன்று கோல்களும்

லோமே நகரின் கடற்கரைச் சாலை ஓட்டலில் அப்லாவி பதினான்கு வருடமாகத் தலைமைச் சமையல்காரி. நான் அங்கே வரவேற்பு மேசையில் இருந்தேன். அவள் சமைத்ததைச் சாப்பிட்டு வயிறு வலித்ததாக ஒரு புகாரும் வந்ததில்லை.

அந்த ஆண்டு ஆப்பிரிக்கக் கிளப் கோப்பையில் எங்கள் லகூன் அணி காலிறுதிக்குப் போனது. எதிரணி எல்லை தாண்டி வந்து எங்கள் ஓட்டலில் தங்கியது. வெளியூர் அணிகள் எதிராளி ஊரில் தண்ணீர் குடிக்கவே பயப்படும். சமையலுக்குச் சொந்த ஆளைக் கூட்டி வரும். இவர்களுடைய ஆள் காய்ச்சலில் படுத்துவிட, அப்லாவியின் கீரைக் குழம்பைச் சாப்பிட்டார்கள், அதுவும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி. மறுநாள் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அதில் இரண்டை அடித்தவன் எங்கள் அணியின் டோசே, துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன்.

அன்று மாலையே அவர்களுடைய மேலாளர் வானொலியில் பேசினார்: "ஓட்டல் சாப்பாட்டுல என்னமோ கலந்துட்டாங்க. பசங்களுக்குக் காலே எழும்பல."

மறுநாள் சந்தையில் மீன்காரி கத்தினாள்: "அக்கா, அந்தப் பொடியில எனக்கும் ஒரு சிட்டிகை குடேன்! எம் புருசன் காலயும் கட்டிப் போடணும்!" சந்தையே சிரித்தது. கூடப் போன நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எங்கள் ஆட்கள் செய்தது அதைவிட மோசம். ரசிகர் சங்கத் தலைவர் பூப்போட்ட துணி ஒன்றைக் கொண்டுவந்து கண்ணடித்தார்: "செஞ்ச உதவிய மறக்க மாட்டோம் அக்கா."

அவள் துணியை அவர் முகத்திலேயே எறிந்தாள். "விஷம் வெச்சேன்னு அவன் ஏசுறான். விஷம் வெச்சதுக்கு நீ துணி குடுக்குற. ரெண்டு பேருக்கும் என்னய்யா வித்தியாசம்?"

டோசேயும் கொதித்துப்போய் வந்தான். "நாள் பூரா மூட்டை எறக்கிட்டு, சாயங்காலம் மணல்ல ஓடினவன் நான். எங் கோல உங்க சட்டிக்குக் குடுத்துட்டாங்களே அக்கா!"

"சட்டிக்கு எதுக்குடா கோலு? நட."

இருவரும் வானொலி நிலையத்துக்குப் போனார்கள். மறுப்புச் செய்தி போட வேண்டும் என்றாள். "இது விளையாட்டுச் செய்திம்மா, சமையல் நிகழ்ச்சி இல்ல" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

காலிறுதியின் இரண்டாவது ஆட்டம் எதிரணியின் ஊரில் நடந்தது. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டும் தோற்றார்கள். வானொலி கோல் கணக்கை மட்டும் சொன்னது. "இப்ப எவ சட்டில என்ன கலந்திருந்துச்சாம்?" என்று அவள் கேட்டாள்.

ஆனாலும் அரையிறுதிக்கு வரவிருந்த அணி, அந்தப் பெண் சமையலறையில் இருக்கக் கூடாது என்று எழுதியது. முதலாளி அமெகான் மறுபேச்சில்லாமல் அவளைத் துணி துவைக்கப் போட்டார். வந்தவர்கள் தங்கள் அரிசி, தங்கள் தண்ணீரோடு வந்தார்கள். பெனால்டியில் எங்கள் அணியை வெளியேற்றிவிட்டுப் போனார்கள்.

அதற்குள் மற்ற விருந்தினர்கள், வேறு ஆள் சமைத்தது வாயில் வைக்க விளங்காமல், பாதித் தட்டோடு எழுந்துபோகத் தொடங்கியிருந்தார்கள். அமெகான் துவைக்கும் இடத்துக்கே வந்தார். "நாளைலேர்ந்து அடுப்படிக்கு வந்துடும்மா."

"எல்லாரையும் கூப்பிட்டு, நான் தப்பு செய்யலன்னு சொல்லுங்க. வர்றேன்."

ஓட்டல் ஆட்கள் எட்டுப் பேரையும் நிற்கவைத்து அவர் முணுமுணுத்தார்.

"எனக்குக் கேக்கல" என்றாள்.

மறுபடி உரக்கச் சொன்னார். அதன் பிறகே அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த மேலாளர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, வானொலியும்தான்.

அடுத்த வருடக் கோப்பைக்கு ஓர் அணி அறை கேட்டு எழுதியது, சமையலுக்குத் தங்கள் ஆள் வருவார் என்ற குறிப்போடு. அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப அடுப்பையும் தூக்கிட்டு வரச் சொல்லு" என்றாள்.

அப்படியே எழுதி அனுப்பினேன்.