லேப் வாசலில் கொலைகாரன்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பேராசிரியர், குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷைக் கத்தியாகப் பிடித்து, கண்ணாடி முன் நின்று கொலை செய்து பழகுவது அவ்வளவு கண்ணியமான காட்சி அல்ல. நான் பழகினேன். குத்துவதும் வெட்டுவதும் எளிதாகவே வந்தன. மூச்சைக் கரகரவென்று இழுத்துவிடுவதுதான் கஷ்டம். அந்தச் சத்தம் வெளியே என் மனைவிக்கு வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. காலையில் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். உண்மையைச் சொல்ல முடியாததால் குடித்தேன்.

உண்மை என்னவென்றால், எங்கள் கல்லூரி மாணவர்கள் எடுத்த படத்தில் நான்தான் கொலைகாரன். கல்லூரி வளாகத்தில் முகமூடி போட்ட ஒருவன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கிறான். கடைசிக் காட்சியில் முகமூடி கழல்கிறது. உள்ளே இருப்பது தமிழ் சார். அந்த ஒரு திடுக்கிடலுக்காகத்தான் மொத்தப் படமும். அதுவரை வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள் இயக்குநர்.

இயக்குநர் முட்டத்துக்காரி, இறுதியாண்டு மாணவி. கடற்காற்றை மீறிப் பேசி வளர்ந்த குரல்; மெகாபோன் தேவைப்படவில்லை. மாடிப்படியில் என்னை மறித்து, "சார், கொலைகாரனா நடிக்குதியளா? உங்கள யாரும் சந்தேகப்பட மாட்டாவ" என்றாள். அதை என் நடிப்புத் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். யோசித்திருந்தால் புரிந்திருக்கும். தேர்வு அறையில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிய ஒருவன், நான் அருகில் போய் நின்றபோது, வெளிச்சத்தை மறைக்காமல் நிற்கச் சொல்லியிருக்கிறான். நானும் நகர்ந்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவனுக்குப் பிறரைப் பயமுறுத்த ஒரு வாய்ப்பு வந்தால் விடுவானா? தவிர, என்னைப் பார்த்து என் மனைவி திடுக்கிட்டதே கிடையாது. மணவறையில்கூட, கடையில் சொன்ன சாமான் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல்தான் பார்த்தாள். திரையில் முகமூடி கழலும் அந்த நொடியில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அது போதும்.

நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மட்டுமே அனுமதி தந்தது. ஆகவே எங்கள் நள்ளிரவுக் கொலைகள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல்களில் கருப்புத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு நடந்தன. முகமூடி, பாக்குமட்டைத் தட்டு செய்கிற கமுகம்பாளையில் வெட்டியது. வியர்வையில் ஊறியதும் கல்யாண வீட்டுப் பந்திபோல மணத்தது. இரத்தத்துக்கு ரோஸ் சர்பத். முதல் பிணத்தின் மேல் எறும்பு ஏற, பிணம் காலைச் சொறிந்தது. "பரவால்ல, உசுரு துடிக்குண்ணு வச்சுக்கிடலாம்" என்று இயக்குநர் அதையும் ஏற்றுக்கொண்டாள். நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது, என் காலடிச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

காலடி என்றதும் செருப்பைச் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பூட்ஸ் என் காலில் ஏறவில்லை. சொந்தச் செருப்போடு நடித்தேன். இடது வார் அறுந்து நீல நூலில் தைத்த பழைய தோல் செருப்பு. முகமூடி இருக்கும்போது எவன் காலைப் பார்க்கப்போகிறான் என்று நினைத்தோம்.

முக்கியமான கொலை கம்ப்யூட்டர் லேபில். பீஸ் போன ட்யூப் லைட் ஒன்றுதான் கைவசம். அதை அடித்து நொறுக்கிக்கொண்டு நான் உள்ளே பாய வேண்டும். இன்னொரு தடவை எடுக்க முடியாது. என் உயரம் கூடித் தெரிவதற்காகக் கேமராவைத் தரையோடு தரையாக வைத்தார்கள். நான் நடந்தேன், மூச்சிழுத்தேன், வாசலில் ஒரு கணம் நின்றேன், லைட்டை நொறுக்கினேன், பாய்ந்தேன். மேஜைக்கடியில் ஒளிந்திருந்த பையன் உண்மையாகவே அலறினான். "கொள்ளாம் சார்" என்றாள் இயக்குநர். ஒரு நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதற்கு மேல் விருது வேண்டியதில்லை.

கல்லூரி அரங்கில் திரையிட்ட அன்று கூட்டம் நெரித்தது. மனைவியின் பக்கத்தில், ஒன்றும் அறியாதவன்போல் உட்கார்ந்திருந்தேன். முதல் கொலைக்கு மாணவிகள் அலறினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு லேப் காட்சி. திரை முழுக்க வராந்தாத் தரை. கொலைகாரன் கத்தியோடு வருகிறான். வாசலில் நிற்கிறான். செருப்பைக் கழற்றுகிறான். கழற்றியதை, பெருவிரலால் நகர்த்திச் சுவரோரம் ஜோடியாக ஒதுக்கி, நுனி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைக்கிறான். அதன் பிறகுதான் கொல்ல உள்ளே போகிறான்.

லேபுக்குள் செருப்போடு போகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் போனதில்லை. அன்று நின்ற கேமராக்காரன், பிணம், இயக்குநர் எல்லோருமே வெறுங்காலோடுதான் நின்றோம். எடிட்டிங்கில் எத்தனையோ தடவை பார்த்தும் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை.

அரங்கத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நிதானமாக, "லேய் மக்கா, அது நம்ம தமிழ் சாருக்க செருப்புல்லா" என்றது.

தமிழ்த்துறை வாசலில் அந்த நீல நூல் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் நான் உள்ளே இருக்கிறேனா இல்லையா என்று மாணவர்கள் முடிவு செய்வார்களாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு. ஓரமாக நின்றிருந்த இயக்குநர் துப்பட்டா நுனியைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன், அதற்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

ஆனால் அதன் பிறகு நடந்ததை நானும் அவளும் எதிர்பார்க்கவில்லை. அரங்கம் மொத்தமும் கொலைகாரன் பக்கம் சேர்ந்துவிட்டது. ஒளிந்திருப்பவர்களைக் காட்டிக் கொடுத்தார்கள். "சார், பீரோவுக்குப் பெறத்தால இருக்கான்!" என்று வழி சொன்னார்கள். கடைசியில் முகமூடி கழன்றபோது ஒருவரும் திடுக்கிடவில்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள். என் முகத்துக்காக ஒரு கூட்டம் அப்படிக் காத்திருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒருத்தர்கூட டீ குடிக்க வெளியே போகவில்லை என்று இயக்குநர் சொன்னபோது அவள் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது.

மனைவியோ லேப் காட்சியில் குனிந்து என் காலை ஒரு தடவை பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஸ்கூட்டரில் திரும்பும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன்: கொஞ்சமாவது பயந்தாளா, இல்லையா?

"பயந்தேன்" என்றாள். "நீங்க பாட்டுக்கு உள்ள கொன்னுக்கிட்டு நிக்கிய. வெளிய போட்ட செருப்ப எவனாவது கொண்டு போயிருவானோண்ணு."