மேர்லினின் சமன்பாடும் அன்ரோவின் கையும்

அன்ரோவை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லடியில் அவனுடைய கண்ணாடிப் பட்டறைக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலிதான். ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் அடி விழுகிற சத்தம் கேட்கும். ஒருமுறை தட்டிக் கேட்கப் போனேன். கண்ணாடித் துண்டால் எறிந்தான்.

அடி வாங்குகிறவள் அவன் மனைவி மேர்லின். கணிதப் பட்டதாரி, மேற்படிப்பும் படிக்கிறாள். ஆராய்ச்சிக்கு அவள் எடுத்தது வீட்டுச் சங்கதிதான்: அமிலம் கண்ணாடியை அரிப்பதைச் சமன்பாடாக எழுதுவது. பட்டறையில் கண்ணாடிமேல் ஸ்ரிக்கர் ஒட்டி, அதில் படத்தை வெட்டி எடுத்துவிட்டு, அமிலத் தொட்டியில் இறக்குவார்கள். திறந்த இடத்தை அமிலம் தின்னும். கீழ்நோக்கி மட்டும் தின்றால் தலையிடி இல்லை. அந்தச் சனியன் ஸ்ரிக்கருக்கு அடியிலும் பக்கவாட்டில் புகுந்து தின்னும். அரித்த கழிவு படியப் படிய வேகம் குறையும். சூடு ஏறினால் வேகம் எகிறும். இதையெல்லாம் சேர்த்து, கோடு எப்போது எவ்வளவு ஆழமாகும், எவ்வளவு அகலமாகும் என்று கணினியில் படமாகவே காட்டுவாள். அவள் கணக்கு வந்த பிறகுதான் பாசிக்குடா ஹோட்டல்காரர்கள் அன்ரோவைத் தேடி வந்தார்கள். அதற்கு நன்றி? மண்ணாங்கட்டி.

கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு மத்தியானம். அமிலப் புகை மூக்கை எரிக்கிறது என்று நான் சத்தம் போட்டதில், தொட்டியைக் கொட்டிலுக்குள்ளிருந்து முற்றத்து வெயிலுக்கு இழுத்துவிட்டான். மேர்லினிடம் மூச்சுவிடவில்லை. அவள் கணக்கோ கொட்டில் நிழலின் சூட்டுக்குப் போட்டது. ஹோட்டல் கதவுக் கண்ணாடியை அவன் கையுறையோடு தூக்கிப் பார்த்தால், அதில் வெட்டியிருந்த மீன் படத்தின் செதில்கள் தெரியவேண்டிய இடத்தில் ஒரே வெள்ளைத் தேமல். கோடுகளுக்கு நடுவே இருந்த மெல்லிய வரம்புகளை அமிலம் தின்று தீர்த்திருந்தது.

"என்னடி கணக்குப் போட்ட நீ?" கண்ணாடியைச் சுவரில் அடித்து நொறுக்கினான்.

"தொட்டியை ஏன் வெயிலுக்க வெச்ச நீங்க? சூடு கூடினா..."

முடிக்க விடவில்லை. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்து, அறைந்தான். நொறுங்கிய கண்ணாடிமேல் விழுந்தாள். முழங்கையில் இரத்தம் கொட்டியது. நான் வேலியைத் தாண்டிக் குதித்தேன்.

விழுந்து கிடந்தவளின் கண் கையுறையில் நின்றது. விரல் நுனி கிழிந்திருந்தது.

"கை நோகுதா?" என்று அவனைக் கேட்டாள்.

"எனக்கு ஒண்டும் நோகல்ல. நோகப்போறது உனக்கு!" என்று மிதித்தான்.

அந்த அமிலம் உடனே வலிக்காதாம். சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கி எலும்புவரை போகுமாம். நோக ஆரம்பிக்கும்வரை விட்டால் விரல் போகும், சிலவேளை உயிரும் போகும். இது அவளுக்குத் தெரியும். பேசாமல் இருந்திருக்கலாம். நானென்றால் பேசாமல் இருந்திருப்பேன்.

"கையைக் கழுவுங்க! அமிலம் உள்ளுக்குப் போயிட்டு!"

"நடிக்கிறியா?" மறுபடியும் மிதித்தான்.

மேர்லின் எட்டி, சுவரோரம் கிடந்த அலவாங்குக் கம்பியை எடுத்தாள். அவன் முழங்காலில் போட்டாள் ஒரு போடு. அலறிக்கொண்டு சாய்ந்தான்.

"அமத்திப் பிடிங்க அண்ணே!"

நெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன். பொய் சொல்வானேன், சந்தோசமாகவே உட்கார்ந்தேன். அவன் கையைக் குழாய்க்கு அடியில் இழுத்துப் பிடித்தாள். அவள் தோளைக் கடித்தான், அவள் விடவில்லை. கழுவிக் கழுவி, இதற்கென்றே வாங்கி வைத்திருந்த களிம்பை அவன் விரல்களில் தேய்த்தாள். மிச்சத்தை, அந்தக் கை அறைந்த தன் கன்னத்திலும் பூசிக்கொண்டாள். ஓட்டோவில் ஏற்றினேன். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் அவனுக்கு நோவு தொடங்கியது. ஆஸ்பத்திரிவரை ஊளையிட்டான்.

பிந்தியிருந்தால் விரல்களை எடுத்திருக்க வேண்டும், இனிப் பயமில்லை என்றார் டொக்டர். அன்ரோ தேம்பித் தேம்பி அழுதான்.

"நீ இல்லாட்டி என்ர கை போயிருக்கும் மேர்லின்."

உருகிவிடப் போகிறாள் என்று எனக்கு எரிச்சல் பொங்கியது. அவள் டொக்டரிடம், "கை பழையபடி வேலை செய்யுமா?" என்று மட்டும் கேட்டாள். செய்யும் என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிப் பொலிஸிடம் போனாள்.

"ஆர் அடிச்ச?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"என்ர புருசன்."

"எதால?"

"வலது கையால. அது முழுசாச் சுகமாகும் எண்டு டொக்டர் சொல்லிட்டார். சுகமானாத் திரும்ப அடிக்கும், அதுதான் வந்திருக்கன்."