என் வாரிசுக்கு வயது ஏழு

மாமாவுக்கு இரண்டு வேலை. பகலில் திண்டிவனம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுவார். சாயங்காலம் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் ஆறு பேருக்கு வாலிபால் சொல்லிக்கொடுப்பார். இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் இருந்திருந்தால் எனக்கு எந்தப் பேஜாரும் வந்திருக்காது.

நான் ஏழாவது படிக்கையில், டீமை விட்டு யாரும் பாதியில் போகக் கூடாதென்று ஒப்பந்தம் போட்டார். தப்பாக எழுதி வீணாய்ப்போன முத்திரைத்தாளின் பின்பக்கத்தில், நிலம் விற்கிற அதே நடை. பூரண சம்மதத்துடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் இரண்டு வருடம் ஆடுவோம், இதற்கு நாங்களும் எங்கள் வாரிசுகளும் கட்டுப்பட்டவர்கள். கையெழுத்து போதாதென்று ஊதா மையில் கட்டைவிரலையும் உருட்டினோம். எனக்கு ஒரே பெருமை. விரலைக் கழுவாமலே பள்ளிக்கூடம் போனேன்.

அந்த வருடம் முழுப்பரீட்சை லீவிலேயே விழுப்புரத்து டீம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. அங்கே சிமெண்ட் கோர்ட்டு, லைட்டு, புது ஷூ. இங்கேயோ மல்லாட்டை காயப்போடும் களம். பந்து விழுந்தால் கடலைத் தோலும் சேர்ந்து பறக்கும். சித்தி வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. கட்டைவிரல் வைத்துவிட்டு ஓடினால் போலீஸ் வராதா?

அம்மாவிடம் மெல்லக் கேட்டேன், "வாரிசுன்னா யாரும்மா?"

"நாம இல்லன்னா நம்ம எடத்துல நிக்கிறவங்க," என்றாள், கஞ்சி வடித்துக்கொண்டே.

அவ்வளவுதானே! மறுநாள் சாயங்காலம் தங்கைக்குத் தலைவாரி, என் ஜெர்சியை மாட்டி, களத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஜெர்சி அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"மாமா, நான் விழுப்புரம் டீமுக்குப் போறேன். இவதான் என் வாரிசு."

மாமா பையிலிருந்து பத்திரத்தை எடுத்து, கண்ணாடி மாட்டி, முதலிலிருந்து படித்தார். மற்ற ஐந்து பேரும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா வாரிசு, நெட்டு எட்டுமா உனக்கு?"

"எகிறிக்கினே ஆடுவேன் மாமா," என்றாள் தங்கை.

"ஒயரம் எவ்ளோன்னு எழுதாம வுட்டுட்டேன் பாரு." மாமா என் பக்கம் திரும்பினார். "எங்க அக்கா புத்தி அப்படியே இருக்குதுடி உனக்கு. போ. நல்லா ஆடு."

தங்கையின் கட்டைவிரலை என் ரேகைக்குப் பக்கத்தில் பதித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள், மாமாவும்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பந்துக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

நான் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். துணி எடுத்து வைக்க வேண்டும், சித்திக்குப் போன் போட வேண்டும், ஆயிரம் வேலை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோதும் மாமா பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பந்து காலையில் நானே காற்றடித்து வைத்தது; கல் மாதிரி இருந்தது. நிறைந்திருக்கிற பந்துக்கு இந்த மாமா எதற்கு இவ்வளவு நேரம் காற்றடிக்கிறார் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.