நுரைக்காத சோப்பு

எங்கள் பெரியப்பாவுக்கும் தண்ணீருக்கும் பகை ஒன்றும் கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் நாளெல்லாம் பாத்தித் தண்ணீரில் நின்றவர்தான். ஆனால் வரப்பில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தபோது, யாரும் தன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அடம்பிடித்தார். பெரியம்மா கெஞ்சிப் பார்த்தார், அப்பா மிரட்டிப் பார்த்தார். பலிக்கவில்லை. பார்க்க வந்தவர்களை வாசலிலேயே வாடை வரவேற்றது.

கடைசியில் பெரியப்பாவின் தங்கை, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் அத்தை, லீவு போட்டு வந்தார். அண்ணனின் முதுகைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தோல் கன்றிச் சிவந்திருந்தது. இப்படியே விட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்றார்.

“படுக்க வச்சி குளிப்பாட்டுறது பொணத்துக்குத்தான். நான் இன்னும் சாவலடி.”

“பொறந்த புள்ளையையும்தான் குளிப்பாட்டுவாங்க. அம்மா உப்பளத்துக்குப் போயிட்டா, என்னைக் கால்ல போட்டு குளிப்பாட்டுனது யாருண்ணா?”

பெரியப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, அத்தை என்னைத் தண்ணீருக்கு விரட்டினார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும்தான். அந்தச் சட்டத்தை மதித்து, பம்பில் உப்புத் தண்ணீரை பக்கெட் நிறைய அடித்துக்கொண்டு வந்தேன்.

அத்தை மேலே துணியைப் போர்த்தி, ஒரு கையை மட்டும் வெளியே எடுத்துச் சோப்பைத் தேய்த்தார். தேய்த்தார், தேய்த்தார், நுரையே வரவில்லை. திரிதிரியாக ஒட்டியதுதான் மிச்சம். உதட்டில் தெறித்த துளியைப் பெரியப்பா நக்கிப் பார்த்தார்.

“அடியே, உப்புத் தண்ணிடி! உப்பளத்துல ஊறுனது பத்தலையா? அப்பிடியே வெயில்ல போட்டுடுங்க, கருவாடா ஆயிடுறேன்!”

அத்தை சோப்பை ஜன்னல் வழியே வீசிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். “சிரிக்க வைக்காதடி, இடுப்பு வலிக்குது” என்று பெரியப்பாவும் சிரித்தார். பெரியம்மா குடிதண்ணீர்க் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகு திருவிழாதான். ஈரத்துணியால் கை, முதுகு எல்லாம் துடைத்து, பவுடர் பூசியதும், “மாப்ள கணக்கா இருக்குறாரு” என்றார் பெரியம்மா. எனக்கு ஒரே குஷி.

கடைசியாக அத்தை, உப்பில் வெடித்துப்போயிருந்த அந்தக் கால்களை மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் துடைத்தார். பெரியப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“ஏன் பெரியப்பா அழுவுறீங்க?”

“சோப்பு கண்ணுல பட்டுடுச்சும்மா.”

நான் பொறுப்பாகக் குனிந்து அவர் கண்ணில் ஊதிவிட்டேன். சோப்புதான் எப்போதோ ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.