காந்தம் பிடிக்காத பெசி

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த ஆண்டு. கஜா பெராங்கில் ஓர் எஸ்டேட் கம்பெனி ஸ்டோரில் நான் சின்ன கிராணி, அதாவது இளநிலைக் குமாஸ்தா. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். விதிமுறைப் புத்தகம் எனக்கு மனப்பாடம். வேறு யாரும் அதைத் திறப்பதில்லை என்பதால் நல்ல மதிப்பு. அந்த ஸ்டோரின் கிரீஸ் வாசம் இன்னும் மூக்கிலிருந்து போகவில்லை.

ஒரு நாள் ஸ்டாக் சரிபார்க்கையில், பம்ப் ஷாஃப்ட் ஒன்றில் காந்தம் பிடிக்கவில்லை. கார்டில் ‘பெசி’ என்றிருந்தது; மலாயில் இரும்பு. அதை நீளம் குறைக்க எடுத்துப்போய்த் திருப்பி வைத்தவர் ஃபிட்டர் மாரிமுத்து. அசலை மாற்றிவிட்டார், இது இரும்பு இல்லை என்று ரிப்போர்ட் எழுதினேன். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாரக் கடைசிக்குள் கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் காலை அவர் வந்தார். நிறுத்தப்பட்டவரை உள்ளே விடக் கூடாது என்பது விதி. அவரும் வாசலிலேயே நின்றுகொண்டார். கையில் ஷாஃப்டிலிருந்து வெட்டிய துண்டும் ஒரு சுத்தியலும்.

“கிராணி, ஒங்க பெசி பெரானிய கொண்டாங்க.”

காந்தத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது, துணிச்சலான இரும்பு. கொண்டுபோய் வைத்தேன். பிடிக்கவில்லை. அவர் துண்டை வாசலில் கிடந்த தண்டவாளத்தின்மேல் வைத்து, ஒரு முனையின் ஓரம் நசுங்கும்வரை அடித்தார்.

“இப்ப வைங்க.”

அடிபட்ட முனை லேசாக இழுத்தது. மறுமுனை சும்மா இருந்தது.

“பித்தளை மாதிரி இரும்பில்லாதத என்னா அடி அடிச்சாலும் இப்படி இழுக்காது. இது துருப்பிடிக்காத பெசி. பட்டறையில எல்லாருக்கும் தெரியும். ஒங்க ஸ்கூல்ல சொல்லலயா?”

சொல்லவில்லை. பழைய இன்வாய்ஸைத் தேடி எடுத்தேன். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று அழகாக அச்சடித்திருந்தது. கார்டில் இடம் போதாமல் ‘பெசி’ என்று சுருக்கியது என் கையெழுத்து.

இன்வாய்ஸையும் துண்டையும் பெரிய கிராணியின் மேசையில் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“காந்தம் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணல, தம்பி. நீ பண்ணியிருக்க.”

மாரிமுத்து மதியமே வேலைக்குத் திரும்பினார். கட்டிவைத்த சாமான்களை அவர் மனைவி பிரித்து அடுக்கியதாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. அதற்குப் புத்தகத்தில் விதி எதுவும் இல்லை.

இளையவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. ‘காந்தம் பிடிக்கவில்லை’ என்பது நான் பார்த்தது. ‘இரும்பு இல்லை’ என்பது நான் எழுதியது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் குடியிருந்தது.