ஊசித் துளை அளவு பகல்

பாண்டிச்செல்வியை யாராவது சாது என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருஷம் அடுத்தடுத்த கடை எங்களுக்கு. நான் போளி போடுகிறவன், பெயர் பூவனநாதன். பலகையில் 'கடம்பூர் போளி' என்று எழுதியிருக்கிறேன்; கடம்பூரை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அவள் தையல்காரி. ஜாக்கெட், தலையணை உறை, குடைத்துணி, மிளகாய்ச் சாக்கு என்று எதைக் கொடுத்தாலும் தைப்பாள். தைக்கும்போது குனிந்த தலை நிமிராது. ஆனாலும் தெருவில் யார் போனார், யாரோடு போனார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். என் போளியில் தேங்காய் குறைந்தால் என் வீட்டுக்காரிக்கு முன்னால் அவள் கண்டுபிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிடுவாள்.

எங்கள் இரண்டு பேர் கடைக்கும் சொந்தக்காரர் கோமதியம்மாள். கோவில்பட்டியில் நாலு கடை, எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் போகிற வழியில் பெரிய முற்றம் வைத்த வீடு, மிளகாயும் பருத்தியும் விளைகிற கரிசல் நிலம் எல்லாம் அவர் பெயரில். தொண்ணூற்று ஏழாம் வருஷம் பங்குனியில் அவரிடமிருந்து சேதி வந்தது. மருமகன் ஹரிக்கு எஸ்.டி.டி. பூத் வைக்க முக்குக்கடை வேண்டும், பாண்டிச்செல்வி ஆனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று.

அந்த முக்குக்கடையின் அருமை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் நிற்பது சரியாக அதற்கு எதிரில். வேனை விட்டு இறங்குகிற பெண்கள் அப்படியே அளவு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நூறு அடி தள்ளிக் கடை போட்டால் அத்தனை களைப்பில் யார் தேடிக்கொண்டு வரப்போகிறார்கள்? அவள் புருஷன் காளீஸ்வரன் மணியாச்சியில் தண்டவாள வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவான். வீடு ஓடுவது அவள் மிஷினில்தான். மூன்று தடவை கோமதியம்மாளைப் போய்க் கேட்டாள். மூன்று தடவையும் அவர் வலது கையால் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டார். மூக்குத்தியைத் தொட்டார் என்றால் அடுத்து 'இல்லை' வருகிறது என்று நாலு கடைக்காரர்களுக்கும் தெரியும்.

இந்த 'இல்லை' விஷயத்தில் அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் விளக்கு வைத்துவிட்டால் அது தானாக அணைந்து மலையேறும் வரை ஊசி, உப்பு, மோர் மூன்றும் கை மாறாது. யார் கேட்டாலும் 'காலையில வாங்கிக்கிடு' என்று சொல்லி அனுப்புவார்கள். மற்றபடி என்ன கேட்டு வந்தாலும் இல்லை என்று சொல்லக்கூடாது, நாளைக்கு என்று தள்ளிப்போடவும் கூடாது. அவர் மாமியார் ஒரு தடவை விளக்கு நேரத்தில் இல்லை என்று சொல்லி, மறுவாரமே உழவு மாடு ஒன்று செத்துப்போனதாம். எங்களிடம் இதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் மனுஷி விவரம். அந்தி சாயும்போது விளக்கை ஏற்றிவைத்து, ஒரு கும்பிடு போட்டு, யாரும் எதுவும் கேட்டு வருவதற்குள் ஊர்க்கோடியில் இருக்கிற காளியம்மன் கோயிலுக்கு நடையைக் கட்டிவிடுவார். திரும்பி வரும்போது விளக்கு மலையேறியிருக்கும். முப்பது வருஷத்தில் ஒருத்தர்கூட அவரை அந்த நேரத்தில் பிடித்ததில்லை. பாண்டிச்செல்வியும் ஒரு மாலை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். விளக்கு இருந்தது, ஆள் இல்லை.

சித்திரையில் அந்த வீட்டுக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். எடுக்க வேண்டியது ராத்திரி சீன். நடிக்கிற அம்மாவோ அன்றைக்கு ராத்திரியே சென்னைக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் பகலிலேயே ராத்திரியை உண்டாக்கிவிடுவது என்று லாரி நிறையக் கருப்புத் துணி கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கிப் பார்த்தால் பாதி எலி கடித்தது, மீதி தையல் விட்டது. அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நம்ம கடையில் ஒரு தையல்காரி இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பியது சாட்சாத் கோமதியம்மாள்தான். நானும் கூடப் போனேன். சினிமாக்காரர்கள் நாற்பது பேருக்கும் போளி கேட்டிருந்தார்கள். போன இடத்தில் போளிக்கூடையை இறக்கியதும் பாண்டிச்செல்வி என்னை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டாள்.

கருப்புத் துணி என்றால் இருட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சித்திரை வெயிலுக்கு முன்னால் அது சல்லடை. முற்றத்தின் மேலே ஒரு மடிப்பு விரித்துக் கட்டினால், உள்ளே சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளிச்சம். இரண்டு மடிப்பாகப் போட வேண்டும். ஒரு மடிப்பின் தையல் மேல் மறு மடிப்பின் தையல் வரக்கூடாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, குடை தைக்கிற கைக்கே தெரிந்திருந்தது. ஏழு ஜன்னலையும் வாசலையும் முற்றத்தையும் மூடியபின் கேமராமேன் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றுகொண்டு எங்கேயாவது மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் நாலு ஓட்டை கண்டுபிடித்தார். இவள் பத்தொன்பது. கேமராமேன் கையெடுத்துக் கும்பிட்டார்.

இருபதாவதாக ஒன்று இருந்தது. மேற்கு ஜன்னலில், தானியம் கொட்டிவைக்கிற பெரிய குலுக்கைக்குப் பின்னால், கேமரா எட்டாத இடத்தில் ஒரு ஊசித் துளை. வெளி வெளிச்சத்தில் அது மிளகாய் விதை அளவுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. நான் விரலை நீட்டினேன்.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "இங்கன மணி பாக்க ஒண்ணும் இல்ல."

நிஜம்தான். கூடத்துக் கடிகாரத்தை சீனுக்காக ஒன்பது மணிக்குத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். வெளியே ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் ஊரே இடிந்தாலும் உள்ளே கேட்காது.

சீனில் ஒரு குத்துவிளக்கு எரிய வேண்டும். வீட்டு விளக்கையே கேட்டார்கள். கோமதியம்மாள் சம்மதித்தார், ஆனால் தன் விளக்கைத் தான்தான் தொடுவேன் என்று நாற்காலியைப் போட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு டேக்குக்கும் அவரே எழுந்து வந்து ஏற்றுவார், முடிந்ததும் அவரே பூவால் அமர்த்துவார். அன்றைக்கு ஒரு நாளில் பதினாலு தடவை விளக்கு வைத்தார். முதல் இரண்டு தடவை அவர் முகம் சரியாக இல்லை. விளக்கு எரிவதைப் பார்த்ததும் கோயிலுக்குப் புறப்பட கால் பரபரத்தது. எழுந்திருப்பதும் உட்காருவதுமாக இருந்தார்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். கரிசக்காட்டுக் காற்று ஒரு சுழற்று சுழற்றியதில் முற்றத்துத் துணி ஓரிடத்தில் டர்ரென்று விட்டது. வெயில் நேராக அந்த நடிகை அம்மாவின் மூக்கில் இறங்கியது. கேமராமேன் தலையில் அடித்துக்கொண்டார். பாண்டிச்செல்வி ஏணியில் ஏறினாள், இரண்டு குத்து குத்தினாள், ஊசி முறிந்துவிட்டது. நேரே கோமதியம்மாள் முன்னால் வந்து நின்று, சாக்கு தைக்கிற கோணி ஊசி ஒன்று கேட்டாள்.

"ஏட்டி, விளக்கு எரியுது, கண்ணு தெரியலையா?" என்றார் அவர். "காலையில வாங்கிக்கிடு."

நாற்பது பேரும் வாயைப் பிளந்தார்கள். ஓட்டையை அடைக்க ஊசி வேண்டும். ஊசி வேண்டுமானால் பகலாக இருக்க வேண்டும். பகலாக்க வேண்டுமென்றால் காலையிலிருந்து கட்டிய துணியை எல்லாம் அவிழ்க்க வேண்டும். மேனேஜர் கெஞ்சினார், கேமராமேன் நடிகை அம்மாவின் ராத்திரி ரயிலைச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் பாண்டிச்செல்விதான் அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனாள். வெளியே கண் கூசுகிற வெயில். களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலுக்கு யாராவது விளக்கு வைப்பார்களா, உள்ளே எரிவது படத்துக்கு எரிகிற விளக்கு, அது கணக்கில் வராது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். கோமதியம்மாள் நெற்றியில் கையை வைத்து வெயிலை அண்ணாந்து பார்த்தார். பிறகு சாக்கு மூட்டைக்குப் பின்னால் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு விளக்கு எரிந்தாலும் அவர் கால் பரபரக்கவில்லை. துணிக்குள்ளே இருக்கிற வரைக்கும் பகல்தான் என்று தீர்மானமாகிவிட்டது.

இன்னொன்றையும் பார்த்தேன். பாண்டிச்செல்வி ஏணியில் திரும்ப ஏறும்போது, அம்மாள் கொடுத்த ஊசி கையில் இருக்க, அவள் ஜாக்கெட் தோளில் அவளுடைய கோணி ஊசி இன்னொன்று முழுசாகக் குத்தியிருந்தது. வைத்துக்கொண்டே எதற்கு இந்தக் கூத்து என்று எனக்கு ஆத்திரம். கேட்டால் பதில் சொல்லுகிறவளா அவள்? ஏணியை ஆட்டாமல் பிடிக்கச் சொன்னாள்.

அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோமதியம்மாளுக்குப் படப்பிடிப்பு பிடித்துப்போய்விட்டது. நடிகை அம்மா அழும்போது இவரும் அழுதார், டேக் சரியில்லை என்றால் இவரும் உச்சுக்கொட்டினார். என் போளியில் நாலு தின்றார். பாண்டிச்செல்வி மட்டும் நடிப்பு பக்கமே திரும்பவில்லை. குலுக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே இறங்கிய வெயில் அந்த ஊசித் துளை வழியாக எதிர்ச்சுவரில் மிளகாய் விதை அளவுக்கு விழுந்து, சாயச் சாய மெல்ல மெல்ல மேலே ஏறியது. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, அப்புறம் நிஜ மிளகாய் நிறத்துக்கு வந்தது. நான் எட்டிப் பார்த்தபோது மச்சுக்குக் கிட்டே மங்கலாக இருந்தது. அடுத்த தடவை பார்த்தபோது சுவர் வெறும் சுவராக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கேமராமேன் கடைசி ஷாட் என்று சொன்னார். கோமதியம்மாள் எழுந்து, தீக்குச்சி கிழித்து, பதினாலாவது தடவையாக விளக்கை ஏற்றினார். ஷாட் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஜெனரேட்டரை நிறுத்தினார்கள், பெரிய விளக்குகள் அணைந்தன. குத்துவிளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை அமர்த்த கோமதியம்மாள் பூவை எடுத்தார்.

பாண்டிச்செல்வி முற்றத்துத் துணியின் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, முக்குக்கடையில நானே இருந்துக்கிடுதேன். ஒங்க மருமகனுக்கு வேற எடம் பாருங்க. என்ன சொல்லுதீங்க?"

கோமதியம்மாள் சிரித்தார். படம் எடுத்த சந்தோஷத்தில் இருந்தார். பட்டப்பகலில் நாலாவது தடவையும் கேட்கிறாளே என்று நினைத்திருப்பார். அவர் வலது கை மூக்குத்திக்குப் போனது.  மூன்று தடவை கேட்டு அவமானப்பட்டவள், இத்தனை பேர் முன்னால் நாலாவது தடவையும் பட்டுவிடக்கூடாதே என்று இருந்தது எனக்கு.

அவள் கயிற்றை இழுத்தாள்.

துணி சரசரவென்று ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. மேலே வானம் கருநீலம். முற்றத்துக்கு நேராக ஒரு நட்சத்திரம். ஜெனரேட்டர் நின்ற அமைதியில் ஊர்க்கோடிக் கோயில் மணி கணீரென்று கேட்டது. யாரோ வாசல் கதவைத் திறக்க, எதிர்வீட்டு மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து பாடுபட்டு உண்டாக்கிய இருட்டுக்குப் பின்னால் நிஜ இருட்டு வந்து நின்றதை வேலை மும்முரத்தில் அங்கே ஒருத்தரும் கவனிக்கவில்லை.

கோமதியம்மாளின் கை மூக்குத்தியிலேயே நின்றுவிட்டது. வானத்தைப் பார்த்தார். தன் கையால் தானே ஏற்றிய விளக்கைப் பார்த்தார். இல்லை என்றும் சொல்ல முடியாது, நாளைக்கு என்றும் தள்ள முடியாது, கோயிலுக்கும் புறப்பட முடியாது.  பாண்டிச்செல்வியின் கை கயிற்றை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது.  மத்தியானம் ஊசி கேட்டதும், குலுக்கைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இருந்துட்டுப் போ, ஏட்டி," என்றார் கோமதியம்மாள் கடைசியில்.

பாண்டிச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அதைத் துடைத்திருக்கக் கூடாது, பேசாமல் வெளியே போயிருக்க வேண்டும். துடைத்த கையைப் பார்த்துவிட்டார் கோமதியம்மாள். பூவனநாதா, போளி போட எதற்கு அவ்வளவு அகலமான கடை, பாதியை மறைத்து ஹரிக்கு பூத் வைத்துக்கொள்ளட்டுமா என்று தன்மையாகக் கேட்டார். அந்த விளக்கு எரிகிறபோது, அவர் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, நான் மட்டும் எப்படி இல்லை என்று சொல்வது? போய்விட்டது என் அரைக்கடை. இன்றைக்கும் ஒரு பக்கம் யாராவது போனில் கத்திக்கொண்டிருக்க, மறுபக்கம் ஒருச்சாய்த்து நின்றுகொண்டுதான் போளி தட்டுகிறேன்.

துணியை எல்லாம் மடித்து லாரியில் ஏற்றியாயிற்று. பாண்டிச்செல்வி முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலில் வந்து செருப்பை மாட்டினாள். கோமதியம்மாளுக்கு மனம் ஆறவில்லை. பின்னாலேயே வந்து, மத்தியானம் கொடுத்த ஊசி எங்கே, அதைக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

பாண்டிச்செல்வி உள்ளே எரிகிற விளக்கை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"விளக்கு வச்சாச்சும்மா. ஊசி குடுக்கலாமா?" என்றாள். "காலையில என் கடைக்கு வந்து வாங்கிக்கிடுங்க."