கண்ணை மறைத்த கொடிகள்

தொண்ணூறுகளில் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கராத்தே போட்டி நடந்தது. என் மகளோடு மோத வந்தவள் ஊரப்பாக்கத்துப் பெண். மேடையேறும் முன் அவள் மூலையில் இருந்த நடுவரிடம் போய்க் குனிந்து, "வணக்கம் மாஸ்டர்" என்றாள். கற்றுக்கொடுக்கிறவரே நடுவரா? அப்போதே அவர் மேல் ஒரு கண் வைத்தேன்.

நாலு மூலையிலும் நாலு நடுவர்கள்; ஒவ்வொருவர் கையிலும் இந்தப் பெண்ணுக்கு ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்று என இரண்டு நிறக் கொடிகள். இரண்டு பேராவது கொடி தூக்கினால்தான் பாயிண்ட். என் மகள் முதலிலேயே ஒரு பாயிண்ட் எடுத்துவிட்டாள். அவளுடைய அடுத்த குத்துக்கு ஒருவர் மட்டும் கொடி தூக்கினார். அந்த மாஸ்டரோ தன் இரண்டு கொடிகளையும் கண்ணுக்கு முன்னால் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"ஏம்மா அவரு கண்ணை மறைச்சுக்கிறாரு?" என்று என் மகளோடு பயிலும் பெண்ணிடம் கேட்டேன்.

"அங்கேருந்து அவரு கண்ணுக்கு அடி தெரியலன்னு அர்த்தம், ஆன்ட்டி."

"தெரியாமத்தான் போகும்" என்று முணுமுணுத்தேன்.

கடைசி நொடிகளில் ஊரப்பாக்கத்துப் பெண்ணின் உதை என் மகளின் வயிற்றைத் தொட்டது. நானே பார்த்தேன். ஒரு கொடி உயர்ந்தது. அந்த மாஸ்டர் எப்படியும் தூக்குவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் பக்கம் என் மகளின் முதுகுதான் இருந்தது. கொடிகள் மறுபடியும் கண்ணை மறைத்தன.

என் மகள் ஜெயித்தாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் வந்தார்.

"எங்க மாஸ்டர் உங்களுக்குச் சொந்தக்காரருங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.